பாட்டுக்கு உறை தைத்தவர்கள்

நியூயார்க் நகரின் 45ஆம் தெருவில் இம்பீரியல் தியேட்டர் என்றொரு நாடக அரங்கு இருக்கிறது. வாசலுக்கு மேலே, அன்றைக்கு நடக்கும் நாடகத்தின் பெயரை விளக்கெழுத்தில் ஏற்றிவைப்பார்கள். 1940ஐ ஒட்டிய ஒரு நாளில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அரங்கின் உரிமையாளரிடம் பேசி, நாடகத்தின் பெயரை இறக்கிவிட்டுத் தான் சொல்லும் பெயரைக் கொஞ்ச நேரம் ஏற்றிவைக்கச் சம்மதிக்க வைத்தார். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்து லாரன்ஸ் ஹார்ட் எழுதிய பாட்டுகளின் தொகுப்புக்கு வைத்த பெயர் அது. விளக்கு எரிந்தது, படம் எடுத்தாயிற்று, பழைய எழுத்துகள் மறுபடி மேலே ஏறின. அந்தப் படத்தைச் சுமந்து கொலம்பியா ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட தொகுப்பைத்தான், இன்று நாம் அறிந்த பொருளில் ஓர் இசைத்தட்டுக்குச் செய்த முதல் உறை என்று வடிவமைப்பு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

அதற்கு முன் உறையே இல்லாமல் இல்லை. அரக்கு கலந்து செய்த 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். ஒரு முழு சிம்பொனிக்கு ஐந்தாறு தட்டு வேண்டும். அவற்றைத் தாள் பைகளில் செருகிப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். புகைப்படம் ஒட்டும் ஆல்பத்தைப் போலவே இருந்ததால் அதற்கும் ஆல்பம் என்றே பெயர் வந்தது. ஒற்றைத் தட்டே இல்லாத இந்தக் காலத்திலும் அந்தப் பெயரைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை, முதுகில் பெயர், அவ்வளவுதான். கடை அலமாரியில் அவை மண்டிக்கடைப் பேரேடுகளைப் போல வரிசையாக நின்றன. 1939இல் கொலம்பியாவில் கலை இயக்குநராகச் சேர்ந்தபோது ஸ்டைன்வைஸுக்கு 22 வயது. அந்த அலமாரியைப் பார்த்த அவருக்குக் கல்லறைக் கற்கள் நினைவுக்கு வந்தன. இவ்வளவு அழகான இசையை இப்படியா மூடி வைப்பது என்று கேட்டார். செலவு கூடும் என்று தயங்கிய நிறுவனத்தைச் சில தொகுப்புகளுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளச் செய்தார். பீத்தோவனின் ஈரோயிக்கா சிம்பொனிக்குப் புது உறை போட்ட பிறகு அதன் விற்பனை பல மடங்கு கூடியதாக நியூஸ்வீக் இதழ் எழுதியது. தட்டுக்குள் இருந்த இசையில் ஒரு சுரமும் மாறவில்லை.

விற்பனைக் கணக்கைவிட அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படத்தைப் பார்க்கும்போதே பாட்டு காதில் விழ வேண்டும், அதற்காகவே வரைகிறேன் என்றார். பூகி-வூகி பியானோ இசைக்கு அவர் போட்ட உறையில் பியானோ பொம்மை அளவுக்குச் சிறியது. அதன்மேல் கவிந்திருக்கும் இரண்டு கைகளோ ராட்சதக் கைகள். அந்த இசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் இடக்கை ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்கும், வலக்கை அதன்மேல் துள்ளும். வாத்தியத்தைவிடக் கை பெரிதாகிவிடும் இசை அது. பாட்டைப் பற்றி எழுதிய ஒரு நல்ல விமரிசனம் என்றே அந்தப் படத்தைச் சொல்வேன்.

மனத்துக்குப் பிடித்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதற்கு உறையும் சுவரொட்டியும் செய்யச் சொல்வது, வரைகலை கற்பிக்கும் இடங்களில் வழக்கமான பயிற்சி. நானும் பலமுறை கொடுத்திருக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் பாட்டின் சொல்லை வரைந்து கொண்டுவருவார்கள். பாட்டில் மழை இருந்தால் படத்தில் குடை, பாட்டில் பிரிவு இருந்தால் முதுகு காட்டி நடக்கும் ஒரு பெண். கை திறமையாக இருக்கும், வண்ணம் இதமாக இருக்கும். ஆனால் அந்தச் சொற்களுக்கு வேறு எவர் மெட்டுப் போட்டிருந்தாலும் அதே படம் பொருந்திவிடும். குறை அங்கேதான். சொல்லை வரைகிறவர் அந்தப் பாட்டை வாசித்திருக்கிறாரே தவிரக் கேட்கவில்லை.

இது இன்று நேற்று வந்த சிக்கலும் இல்லை. இசைக்குப் படம் எழுதும் மரபு நம் நாட்டில் பல நூற்றாண்டாக இருந்தது. ராஜஸ்தானத்திலும் தக்காணத்திலும் இமயமலை அடிவாரச் சிற்றரசுகளிலும் ராகமாலை ஓவியங்களை வரைந்தார்கள். ஆறு ராகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ராகினிகள் என்று 36 படங்களாகக் கோக்கும் முறை பரவலாக இருந்தது. மேவாரின் சாவண்டில் 1605இல் நசிருத்தீன் வரைந்த தொகுதி அவற்றுள் பெயர்பெற்றது. தோடி ராகினி என்றால் வீணை ஏந்திய பெண், அவளைச் சூழ்ந்து மான்கள். மேகம் என்றால் கார்முகிலுக்குக் கீழே ஆடும் கண்ணன். பார்த்த உடனே இன்ன ராகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த ஓவியர்கள் பெரும்பாலும் ராகத்தின் சுரங்களைக் கேட்டு வரையவில்லை. ஒவ்வொரு ராகத்துக்கும் அதை ஓர் ஆளாக உருவகித்து இயற்றிய தியான சுலோகம் உண்டு. அந்தச் சுலோகத்தைத்தான் வரைந்தார்கள். இன்றைய இந்துஸ்தானித் தோடியின் சுரங்களை நம் சபாக் கச்சேரி ரசிகரிடம் பாடிக் காட்டினால் சுபபந்துவராளி என்பார். நம்முடைய தோடியோ அவர்களுடைய பைரவி தாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஓவியத்தில் உள்ள மான்கள் எந்தத் தோடியைக் கேட்டு வந்து நின்றன என்று கேட்டால், சுலோகத்தைக் கேட்டு வந்தன என்பதுதான் நேர்மையான விடை. அந்த ஓவியங்களின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. மணிக்கணக்கில் பார்த்திருக்க வைப்பவை அவை. இசைக்கும் படத்துக்கும் நடுவில் சொல் வந்து உட்கார்ந்துகொள்வது எவ்வளவு பழைய பழக்கம் என்று காட்டத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் பாட்டை ஆழ்ந்து நேசித்தால் போதுமா, நல்ல உறை வந்துவிடுமா? ப்ளூ நோட் நிறுவனத்தின் கதை இதற்கு ஒரு சங்கடமான பதிலைச் சொல்கிறது.

பெர்லினிலிருந்து அமெரிக்கா போன ஆல்ஃபிரெட் லயன் 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய ஜாஸ் நிறுவனம் ப்ளூ நோட். அவருடைய பால்ய நண்பர் பிரான்சிஸ் உல்ஃப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். பதிவுக்கூடத்தில் கலைஞர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் படம் எடுப்பார். இருட்டு, வியர்வை, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்த முகம். 1950களின் நடுவிலிருந்து சுமார் பத்து ஆண்டுகள் அந்தப் படங்களை வைத்துப் பல நூறு உறைகளை வடிவமைத்தவர் ரீட் மைல்ஸ். பணம் குறைவு என்பதால் பல உறைகளில் கறுப்போடு இன்னொரு வண்ணம்தான் இருக்கும். அந்த வறுமையே பாணியாகிவிட்டது. எழுத்துகளைப் பெரிதாக்கினார், வெட்டினார், அடுக்கினார், தாளத்துக்கு ஏற்ப ஓட விட்டார். ஜாக்கி மக்லீனின் ஒரு தட்டுக்கு உறை முழுக்க ஆச்சரியக்குறிகளை நிரப்பினார். கலைஞரின் படம் மேல்மூலையில் தபால்தலை அளவுக்கு ஒடுங்கியிருக்கும். ஜாஸ் என்றதும் உலகம் முழுக்க இன்று எந்தத் தோற்றம் மனத்தில் எழுகிறதோ அது அவருடைய கை.

அந்த மைல்ஸுக்கு ஜாஸ் பெரிதாகப் பிடிக்காது. மேற்கத்தியச் செவ்வியல் இசைதான் அவர் விருப்பம். நிறுவனம் கொடுத்த தட்டுகளை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவார், அல்லது கடையில் வேறு தட்டுக்கு மாற்றிக்கொள்வார் என்பது அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் சொல்லும் செய்தி. முதன்முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. பிறகுதான் மற்றொரு விவரம் உறைத்தது. பதிவு நடந்த இரவில் எப்படி இருந்தது, வாசித்தவரின் மனநிலை என்ன, எந்த இடத்தில் இசை திரும்பியது என்று ஆல்ஃபிரெட் லயன் மைல்ஸிடம் விரிவாகச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டுதான் மைல்ஸ் வேலை செய்தார். அங்கே ஒருவர் ஆழ்ந்து கேட்டார், இன்னொருவர் வரைந்தார். நேசித்தவருடைய காதும் நேசிக்காதவருடைய கண்ணும் ஒரு மேசையில் உட்கார்ந்தன. தனியாகப் பிடித்த பாட்டுக்கு உறை செய்கிறவர் இந்த இரண்டு பேராகவும் தானே இருந்தாக வேண்டும். முதலில் லயனைப் போலக் கேட்க வேண்டும். அப்புறம் மைல்ஸைப் போல, பாட்டின் மேல் எந்தக் கடனும் இல்லாதவராக மேசைக்கு வர வேண்டும். நேசம் முற்றிப்போனவருக்குப் பாட்டில் எதையும் விட்டுவிட மனம் வராது. உறையில் எல்லாவற்றையும் திணிப்பார்.

மைல்ஸ் செய்தவற்றில் என்னை விடாமல் தொடர்ந்துவரும் உறை, எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லன்ச்’. 1964 பிப்ரவரி 25இல் பதிவான இசை. சாப்பிடப் போயிருக்கிறார் என்பது பெயரின் நேர்ப்பொருள், புத்தி பிசகியவர் என்பது கொச்சைப் பொருள். உறையில் ஒரு கடைக் கதவு. கதவில் தொங்கும் சின்ன அட்டை, ‘திரும்பி வருவேன்’ என்கிறது. எத்தனை மணிக்கு என்று காட்ட அதில் ஒரு கடிகார முகம் உண்டு. கடிகாரத்தில் இரண்டு முள்ளுக்குப் பதில் பல முட்கள், ஆளுக்கொரு திசையில். முழுவதும் ஒரே நீல வண்ணம். மனிதர் இல்லை, வாத்தியம் இல்லை.

இப்போது இசையைக் கேளுங்கள். டால்ஃபி பேஸ் கிளாரினெட்டையும் ஆல்டோ சாக்ஸபோனையும் புல்லாங்குழலையும் வாசிக்கிறார். பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் எதிர்பாராத இடங்களில் மணித்துளிகளைப் போல விழுகிறது. முரசில் 18 வயது டோனி வில்லியம்ஸ். தாளம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொருவரும் அதை வெவ்வேறு இடத்திலிருந்து எண்ணுகிறார்கள். கடிகாரத்தின் பல முட்கள் அந்தத் தட்டில் காலம் நடக்கும் விதத்தை அப்படியே காட்டுகின்றன. இதுதான் நான் சொல்லவந்த ‘கேட்டு வரைந்த’ படம். அந்த இசைக்கு மட்டுமே பொருந்தும், பக்கத்துத் தட்டுக்குப் போட்டால் செத்துவிடும்.

தட்டு கடைக்கு வருமுன், ஜூன் 29ஆம் தேதி, டால்ஃபி பெர்லினில் இறந்துபோனார். வயது 36. கண்டறியப்படாத நீரிழிவு. ‘திரும்பி வருவேன்’ என்ற அட்டை அதன் பிறகுதான் கடைகளில் தொங்கியது. அந்தப் பொருளை மைல்ஸ் வைக்கவில்லை, வைத்திருக்கவும் முடியாது. ஆனாலும் அந்த உறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் மூச்சு நிற்கிறது.

இசையின் அமைப்பையே உறையின் அமைப்பாக்கிய இன்னொரு வேலை எல்லோருக்கும் தெரிந்தது. பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டுத் தட்டு, ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. கறுப்பின் நடுவில் ஒரு முப்பட்டகம், வெள்ளை ஒளி உள்ளே போய் வண்ணங்களாக வெளியே வருகிறது. ஹிப்னோசிஸ் என்ற லண்டன் வடிவமைப்புக் கூடத்தின் ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரி பவலும் யோசித்தது, ஜார்ஜ் ஹார்டி வரைந்தது. அதற்கு முந்தைய தட்டுகளுக்கு அவர்கள் விசித்திரமான புகைப்படங்களைப் போட்டிருந்தார்கள். இந்த முறை எளிமையாக, நேர்த்தியாக ஏதாவது வேண்டும் என்று கேட்டவர் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட். முன்பக்கத்தில் குழுவின் பெயர் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. பள்ளியில் நாம் படித்த ஏழு நிறத்தில் கருநீலத்தை விட்டுவிட்டு ஆறு பட்டைதான் போட்டார்கள்.

படம் அங்கே முடியவில்லை என்பதுதான் அதன் சிறப்பு. உறையை விரித்தால் வண்ணப் பட்டைகள் உள்ளேயும் ஓடுகின்றன. பச்சைப் பட்டை மட்டும் ஓரிடத்தில் இதயத்துடிப்புக் கோடாக எகிறி இறங்குகிறது. அந்தத் தட்டு இதயத்துடிப்பில்தான் தொடங்குகிறது, அதிலேயே முடிகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பெரிதாக இடைவெளி விடாமல் ஓடும் இசைக்கு, இடைவெளி விடாமல் ஓடும் படம். பின்புறம் இன்னொரு முப்பட்டகம் தலைகீழாக இருந்து வண்ணங்களைத் திரும்ப ஒற்றை ஒளியாக்குகிறது. கடைக்காரர் நாலைந்து உறைகளை முன்னும் பின்னுமாக விரித்து வரிசையாக வைத்தால் ஒளிக்கற்றை கடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அறுபடாமல் போகும். உறையே கடையின் காட்சித் தோரணமாகிவிடுகிறது. உள்ளே சுவரொட்டிகளையும் பிரமிடு படம் போட்ட ஒட்டுத்தாள்களையும் மடித்து வைத்தார்கள். விளம்பரம் என்றால் பாட்டுக்கு வெளியிலிருந்து வந்து கத்துவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தத் தட்டைப் பார்க்க வேண்டும்.

ஆறு ஆண்டு கழித்து, மான்செஸ்டரில் ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ தட்டுக்குப் பீட்டர் சாவில் போட்ட உறையும் அறிவியல் புத்தகத்தின் பக்கத்திலிருந்து வந்ததுதான். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் கண்டறிந்த துடிப்பு விண்மீனின் அலைகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கோடுகள். 1.33 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் விண்மீன் அது. ஹரால்ட் கிராஃப்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக வரைந்த படம், பிறகு வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெளிவந்தது. அந்தப் பக்கத்தைக் குழுவினரே சாவிலிடம் கொடுத்தார்கள். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருந்ததை அவர் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார். அந்த ஒரு முடிவுதான் முழு வடிவமைப்பும். யாரும் இல்லாத பெருவெளியில் ஒரே சீராகத் துடிக்கும் ஒன்று. அந்தக் குழுவின் முரசொலியைக் கேட்டவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இன்று அந்தக் கோடுகள் பனியனில் ஏறி உலகம் சுற்றுகின்றன. போட்டிருப்பவர் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லாமல் போய்விட்டது.

சுவரொட்டியைப் பற்றிச் சொல்லும்போது மில்டன் கிளேசரைத் தாண்டிப் போக முடியாது. 1967இல் பாப் டிலனின் தேர்ந்தெடுத்த பாட்டுகளைக் கொலம்பியா வெளியிட்டபோது ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஒரு சுவரொட்டியை மடித்து வைத்தது. டிலனின் பக்கவாட்டு முகம் வெறும் கறுப்பு நிழல். தலைமுடி மட்டும் பல வண்ணச் சுருளாக எழுந்து அலைகிறது. கிட்டார் இல்லை, மைக் இல்லை, பாட்டிலிருந்து ஒரு சொல் இல்லை. நிழல்முகத்துக்கான எண்ணம் மார்செல் துஷாம் தாளைக் கிழித்துச் செய்த தன்னுருவத்திலிருந்து வந்தது, முடியின் சுருள்கள் இஸ்லாமிய ஓவியங்களிலிருந்து வந்தன என்று கிளேசரே சொல்லியிருக்கிறார். கீழே உள்ள எழுத்தின் வடிவம் மெக்சிகோ நகரத்தில் ஒரு தையற்கடைக்கு யாரோ கையால் எழுதிவைத்த விளம்பரப் பலகையிலிருந்து எடுத்தது. பெயர் தெரியாத ஒரு பலகை எழுத்தாளரின் கைவண்ணம் சுமார் 60 லட்சம் பிரதிகளில் போய்ச் சேர்ந்தது. கெட்டியான கறுப்பு முகத்திலிருந்து கட்டுக்கடங்காமல் பெருகும் வண்ணம் என்பது டிலனின் பாட்டுமுறைதான். குரலில் ஏற்ற இறக்கம் குறைவு, அதற்குள்ளிருந்து படிமம் படிமமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். 12 அங்குல உறைக்குள் அடங்க அந்தச் சுவரொட்டியை மடித்தாக வேண்டியிருந்தது. அதனால் மாணவர் விடுதிச் சுவர்களில் ஒட்டியிருந்த ஒவ்வொரு டிலன் முகத்திலும் மடிப்புக்கோடு இருந்தது.

விற்கப்போகும் சந்தை படத்துக்குள் கைநீட்டுவதும் உண்டு. அதே 1967இல் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ உறைக்குப் பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவர்த்தும் பெரிய மனிதர்களின் உருவங்களை ஒரு கூட்டமாக நிறுத்தினார்கள். அதில் காந்தியும் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும், விற்பனை கெடும் என்று அஞ்சி ஈ.எம்.ஐ. தலைவர் ஜோசப் லாக்வுட் அவரை எடுக்கச் சொன்னார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டமில் அந்த நிறுவனத்துக்குத் தட்டு அச்சடிக்கும் ஆலை இருந்தது. யோகானந்தரும் அவருடைய குருமரபினரும் உறையில் தங்கினார்கள், காந்தி போய்விட்டார்.

நம் பக்கம் வருவோம். தமிழில் பாட்டுக்கென்று அச்சான முதல் வெகுசனப் பொருள் இசைத்தட்டு உறை அன்று, பாட்டுப் புத்தகம். 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு புத்தகம் கொட்டகை வாசலில் விற்றது. மெல்லிய தாள், ஓரிரு வண்ண அட்டை, நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம். கதை உச்சத்தை எட்டும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். தொடக்கக் காலப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம், இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாடிப் பார்ப்பதற்கான புத்தகம் அது. உள்ளே அத்தனை இசைச் செய்தி, அட்டையிலோ நாயகியின் முகம்.

இந்தப் புத்தகங்கள் இன்று நம் கண்ணில் படுவதற்குக் காரணமானவர்களுள் முக்கியமானவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். பிறர் எடைக்குப் போட்ட அச்சுத்தாள்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்புதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. பலகை எழுதிய கைக்குத்தான் பாட்டுப் புத்தக அட்டையின் மதிப்பு தெரிந்திருக்கிறது என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

பின்னால் 45 சுழற்சிச் சிறுதட்டும் நெடுந்தட்டும் வந்தபோதும் தமிழ்ப்படப் பாட்டின் உறை படத்தின் விளம்பரத்தாளாகவே இருந்தது. நாயகன் நாயகி நிழற்படம், படத்தின் பெயர். ஒலிநாடாக் காலத்தில் இசையமைப்பாளரின் முகம் முன்னால் வந்தது. இளையராஜாவின் முகத்தைப் பார்த்தே மக்கள் கேசட் வாங்கினார்கள், அது இசைக்குக் கிடைத்த மரியாதை. ஆனாலும் முகம் முகம்தான். இந்தப் பாட்டின் இந்த இடையிசையை யாரும் வரையவில்லை. நம் ஓவியர்களுக்குக் கைத்திறம் போதவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அண்ணாசாலையில் 40 அடி உயரப் பேனரில் முகத்தின் சதையையும் ஒளியையும் தூரிகையால் கொண்டுவந்தவர்கள் அவர்கள். இங்கே பாட்டு தனியாகப் பிறக்கவில்லை, படத்தின் வயிற்றில் பிறந்தது. பணம் போட்டவர் விற்க நினைத்தது படத்தை. ஆகவே பாட்டின் உருவத்தை யோசிக்கும் வேலையை எவரிடமும் ஒப்படைக்கவே இல்லை. தமிழ் வரைகலையின் பெரிய இழப்பு என்று இதை நான் நினைக்கிறேன்.

அந்த வேலையை எனக்கு ஒருவர் ஒப்படைத்தார். கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். டப்பாவுக்குள் மடித்துவைக்கும் இன்லே கார்டில் கடைக்கார அண்ணன் ஸ்கெட்ச் பேனாவால் பாட்டின் முதற்சொற்களை எழுதுவார். நான் ஏழாவது படிக்கும்போது, எங்கள் அக்காவின் கேசட்டுக்கு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நானே ஒரு கார்டு வரைந்து கொண்டுபோனேன். பாட்டில் நிலா வரும், ஆகவே நிலா. கருநீல வானம், மஞ்சள் வட்டம், கீழே தென்னை.

அண்ணன் வாங்கிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. இது எத்தனை மணி நிலா?”

“ராத்திரி நிலாதாண்ணே.”

அவர் ஒன்றும் சொல்லாமல் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். காதுப் பஞ்சு பிய்ந்து ஈரமாக இருந்தது. பாட்டைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டார். “அந்தப் புல்லாங்குழலைக் கேளு. தூங்கப் போறவன் வாசிக்கிற மாதிரியா இருக்கு? எந்திரிச்சு உக்காந்தவன் வாசிக்கிறான்டா. பால்காரர் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிலா இருக்கும் பாரு, அது.”

மறுநாள் விடியலில் மொட்டைமாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். வானம் சாம்பலும் ரோஜாவுமாக இருந்தது. நிலா மஞ்சளே இல்லை, ஊறவைத்த அரிசியின் வெள்ளை.

பாட்டின் பொருள் சொல்லில் பாதிதான், மீதி குழலில் இருந்தது. ஸ்டைன்வைஸையோ மைல்ஸையோ அந்த அண்ணன் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆல்ஃபிரெட் லயன் மைல்ஸுக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்தார்.

பாட்டைப் படத்திலிருந்து பிரித்துப் பார்க்க நம் கேட்போருக்கு மனம் வரும் என்பதற்கும் சான்று உண்டு. 2011 நவம்பர் 16இல் ‘3’ படத்தின் ‘கொலவெறி’ பாட்டு யூடியூபில் வந்தபோது அதில் கதைக் காட்சி எதுவும் இல்லை. பதிவுக்கூடம், ஹெட்ஃபோன் மாட்டிய சிலர், திரையில் ஓடும் பாட்டு வரிகள். பாட்டு பிறக்கும் அறையே பாட்டுக்குப் படமானது, உலகமே பார்த்தது. புலம்பெயர்ந்த தமிழரிடையே மாதங்கி அருள்பிரகாசம் இன்னும் முன்பே வேறு வழியில் போயிருந்தார். லண்டனில் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து, மறுபடி லண்டன் போய்ச் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தவர். பாடகராகுமுன்பே எலாஸ்டிகா குழுவின் 2000ஆம் ஆண்டுத் தட்டுக்கு உறை செய்தார். 2005இல் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தன் முதல் தட்டை வெளியிட்டபோது அதற்குத் தந்தையின் பெயரான ‘அருளர்’ என்பதையே வைத்தார். அச்சுத்தகடு வெட்டி வண்ணம் தெளித்த அதன் படங்களும், துண்டு துண்டாக வெட்டி அடித்து ஒட்டிய அதன் தாளங்களும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று பார்த்ததும் தெரிகிறது.

இன்றைக்கு உறை என்பது பாட்டுச் செயலிக்கு ஏற்றும் ஒரு சதுரம். 3000 படப்புள்ளிக்கு 3000 என்று கொடுக்கிறோம். கேட்பவர் கையில் அது விரல்நக அளவில்தான் தெரிகிறது. நெடுந்தட்டின் உறை ஏறக்குறைய 31 சென்டிமீட்டர், குறுந்தகட்டின் உறை 12. அந்த இறக்கத்தில் முதலில் செத்தது நுணுக்கம். ஆனால் முப்பட்டகமும் அலைக்கோடும் விரல்நக அளவிலும் உயிரோடு இருக்கின்றன, ஏனென்றால் அவை ஒரே ஒரு கேட்பின் உருவங்கள். மாணவர்களிடம் இப்போது நான் முதலில் படம் கேட்பதில்லை. பாட்டைச் சொல் கேட்காத அளவுக்கு ஒலியைக் குறைத்துவைத்து, பக்கத்து அறையிலிருந்து பத்து முறை கேட்கச் சொல்கிறேன். எந்த இடத்தில் கை வேலையை விட்டுவிட்டுக் காது நின்றதோ அந்த நிமிடத்தையும் நொடியையும் மட்டும் எழுதிவரச் சொல்கிறேன். வண்ணமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு.

போன மழைக்காலத்தில் அந்தப் பழைய நிலாப் பாட்டுக்கு நானும் ஒரு சதுரம் செய்தேன். என் தாளில் இருந்த குறிப்பு, சரணத்துக்குச் சற்று முன், குழல் நின்று தபலா இன்னும் வராத இடம். ஒரு மூச்சு அளவுதான் அந்த மௌனம். சாம்பலும் ரோஜாவும் கலந்த வானத்தைக் குறுக்காக வெட்டி, நடுவில் ஒன்றும் அச்சிடாத ஒரு வெள்ளைக் கோட்டை விட்டேன். நிலாவை வைக்கவில்லை. கணினித் திரையில் அது சரியாக மூச்சளவு இருந்தது. கைபேசியில் போட்டுப் பார்த்தால் கோடு மறைந்து இரண்டு வானமும் ஒட்டிக்கொண்டன. கோட்டை இரண்டு மடங்காக்கினேன், பிறகு மூன்று மடங்கு. மூன்றாவதில் மௌனம் நீண்டுவிட்டது, பாட்டு நின்றுபோனது போல் இருந்தது. இரண்டரையில் நிறுத்தினேன்.